ஹல்தி-குங்குவில் ஒரு தண்ணீர்க் கேள்வி

புனேயின் கராடியில் நாங்கள் வாடகைக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே, மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் ஆறு மாதத்தில் வந்துவிடும் என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். வீட்டுத் தரகர் சொன்னார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சொன்னார். லிஃப்டில் உடன் வந்த ஒரு பெண்மணி, என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னார். அவர்தான் எதிர்வீட்டுக் காக்கூ. மராத்தியில் காக்கூ என்றால் நமக்குச் சித்தி மாதிரி. அறுபதை நெருங்குகிற எந்தப் பெண்ணையும் இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு கோடைகள் போய்விட்டன. தண்ணீர் இன்னும் டேங்கர் லாரியில்தான் வருகிறது. அந்த ஆறு மாதம் மட்டும் தேயாமல் அப்படியே இருந்தது.

போன கோடையில் மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. டாக்டர் முதலில் கேட்டதே டேங்கர் தண்ணீரா என்றுதான். தண்ணீரால்தான் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மோந்து பார்க்கிறேன். சந்தேகமாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடியும் கொதிக்கவைக்கிறேன். சுத்திகரிக்கும் இயந்திரம் சமையலறைச் சுவரில் இருக்கிறது. அதிலிருந்து வருவதையும் கொதிக்கவைக்கிறேன்.

"சிறுவாணித் தண்ணி குடிச்சு வளந்தவளுக்கு உலகத்துல எந்தத் தண்ணியும் ஆகாது" என்பார் கணவர். அவரும் கோயமுத்தூர்தான். அவர் சொல்லும்போது சிரித்துவிடுவேன். அவர் அலுவலகம் போனபிறகு டம்ளரை மறுபடி எடுத்து மோந்து பார்ப்பேன்.

காக்கூ தன் வீட்டை விற்கப்போவதாகச் சொன்னது தீபாவளி கழிந்து. மகன் நாசிக்கில் இருக்கிறார். அவரோடு போய் இருந்துவிட எண்ணம். தரகரிடம் போவதற்கு முன் எங்களிடம் கேட்டார். நல்ல வெளிச்சமான வீடு. என் மகள் பகலில் பாதி நேரம் அங்கேதான் இருப்பாள். கணவருக்கு அன்றே மனசில் பால் காய்ச்சியாகிவிட்டது.

"தண்ணி மட்டும் வந்துருச்சுன்னா பரவால்ல" என்றேன்.

"அதான் ஆறு மாசத்துல வருதுங்கறாங்கல்ல."

"ரெண்டு வருசமா அதையேதானுங்க சொல்றாங்க."

"அப்ப இன்னும் கிட்ட வந்துருச்சுன்னு அர்த்தம்" என்றார்.

வீட்டுக் கடன் என்றால் எங்கள் வேலைக்காலத்தின் பெரும்பகுதி. வாங்கிவிட்டால் மகள் இந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளரவேண்டும். குழாய் வருமென்றால் வாங்கலாம், வராதென்றால் வேண்டாம். எனக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். யாரைக் கேட்டால் கிடைக்கும் என்று தெரியவில்லை.

அப்போதுதான், பல வருடங்களாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்த மாநகராட்சித் தேர்தல் வந்தது. புனேயில் ஒரு வார்டுக்கு நான்கு இடங்கள், ஆளுக்கு நான்கு ஓட்டு. எங்கள் வார்டில் பெண்களுக்கான ஓர் இடத்தில் போட்டி இரண்டு பேருக்கு இடையில்தான் என்றார்கள். ஒருவர் முன்பே கவுன்சிலராக இருந்தவர், கட்டைக்குரல், யாரைப் பார்த்தாலும் பெயர் நினைவிருப்பவர். மற்றவர் புதியவர், பள்ளிக்கூட டீச்சராக இருந்து, வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றவர்.

வேட்பாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வளாகத்துக்கு வந்தார்கள். வாசலில் டோல் மேளம் அடிப்பார்கள். செயலாளர் சால்வை போர்த்தித் தேங்காய் கொடுப்பார். பத்து நிமிடப் பேச்சு. நடைபாதைக் கல், கேமரா, கடைசியில் தண்ணீர். இரண்டு பேருமே ஆறு மாதம் என்றார்கள். கை தட்டினோம். ஒரு தடவை நான் கை தூக்கினேன். "வஹினி, அவங்களுக்கு இன்னும் நாலு சொசைட்டி பாக்கி இருக்கு" என்று செயலாளர் என்னை அண்ணி முறை சொல்லி மரியாதையாக உட்காரவைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பத்து நிமிடம் பேசினால் யாருக்கும் தப்பு நேராது. கணக்குப் பாடத்தில் விடையை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி. வழியை எழுதச் சொன்னால்தானே எங்கே இடிக்கிறது என்று தெரியும்? இவர்களை ஒரே இடத்தில், எதிரெதிரே, நிறைய நேரம் உட்காரவைத்துக் கேட்டால் என்ன? ஆனால் ஒருவர் இருக்கும் இடத்துக்கு மற்றவர் எதற்காக வரவேண்டும்?

வழி ஹல்தி-குங்குவில் கிடைத்தது. சங்கராந்தி சமயத்தில் இங்கே பெண்கள் ஒருவரையொருவர் வீட்டுக்கு அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுப்பார்கள். நம் ஊர் நவராத்திரி வெற்றிலை பாக்கு மாதிரிதான். சண்டைக்காரியே கூப்பிட்டாலும் போகாமல் இருக்க முடியாது. காக்கூவிடம், வளாகத்து ஹல்தி-குங்குவுக்கு இரண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு அழைக்கலாமே என்றேன்.

காக்கூ என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க ஊர்ல எல்லாருமே இப்படியா, இல்ல நீ மட்டும்தானா?"

ஓட்டுப்பதிவு சங்கராந்தியை ஒட்டி வந்தது. அதற்கு முன்பே வைத்தால்தான் உண்டு. பண்டிகைக்கு முன்னால் ஹல்தி-குங்கு வைப்பது முறையில்லை என்று சில பெண்கள் இழுத்தார்கள். "இந்த வருஷம் தேர்தல்தான் பண்டிகை" என்று காக்கூ முடித்துவைத்தார். குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு அவரே இரண்டு பேர் வீட்டுக்கும் போய் அழைத்தார். நிபந்தனைகளையும் அவரே சொன்னார்: வேட்பாளர்கள் பரிசு எதுவும் கொண்டுவரக் கூடாது, இரண்டு மணி நேரம் உட்காரவேண்டும், ஒரு கேள்வி முடியாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. என்னைவிட அவருக்குத்தான் உற்சாகம். குழாய் வருகிறது என்பதை இரண்டு பேரும் சேர்ந்து உறுதிசெய்தால் வீடு விற்கவும் நல்லதுதானே என்று அவர் நினைத்திருக்கலாம். நானும் கிட்டத்தட்ட அதையேதான் எதிர்பார்த்தேன். வாங்கலாம் என்று யாராவது என்னிடம் சொல்லவேண்டும்.

"ரெண்டு மணி நேரம் பேசினா உண்மை வந்துருமா?" என்றார் கணவர். "ரெண்டு வருசம் போன்ல பேசித்தான் உன்னக் கட்டினேன். இந்தக் கொதிக்கவெக்கிற விசயம் அப்ப வெளிய வரவே இல்லியே."

அன்று மாலை கிளப் ஹவுஸ் நிறைந்துவிட்டது. வாசலில் மஞ்சள் குங்குமம், கையில் எள்ளுருண்டை, வளாகத்தின் பரிசாக ஆளுக்கொரு டீ வடிகட்டி. ஆண்கள் சுவரோரமாக நின்றார்கள். நேரம் பார்க்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள். வெளியூர்க்காரியான என்னை எந்தக் கட்சிக்காரரும் தன் ஆள் என்றோ எதிராளி என்றோ சொல்ல முடியாது என்பது காரணம். மகள் என் மடியில் எள்ளுருண்டையை நக்கிக்கொண்டிருந்தாள்.

முதல் அரைமணி நேரம் மனப்பாடம்தான். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை பேசியதையே உட்கார்ந்து பேசினார்கள். அது தீர்ந்ததும் ஒரு தடுமாற்றம் வந்தது. முன்னாள் கவுன்சிலரின் உதவியாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். டீச்சர் டம்ளரில் இருந்த தண்ணீரை மூன்று தடவை குடித்தார். பின்வரிசையில் குக்கர் வைக்கவேண்டுமென்று சிலர் எழுந்துபோனார்கள். நடைபாதைக் கல் பற்றிய ஒரே சண்டை நெடுநேரம் நீண்டது. என் யோசனையே தப்போ என்று தோன்றியது. இத்தனை பேருடைய மாலைப் பொழுதை எடுத்துக்கொண்டோமே.

பிறகு காக்கூ என் முழங்கையை இடித்தார். "உன் கேள்வியக் கேளு."

என் மராத்தி கடைக்காரரோடு பேசுகிற அளவுக்குத்தான். ஹிந்தியில் கேட்டேன். "தண்ணீர் இப்போது எதுவரைக்கும் வந்திருக்கிறது? அங்கிருந்து எங்கள் கேட்டுக்கு வர என்னென்ன வேலை பாக்கி?"

"ஆறு மாசம், பேட்டா" என்றார் முன்னாள் கவுன்சிலர், மகளே என்கிற உரிமையோடு.

"அது சரிங்க. அந்த ஆறு மாசத்துல முதல்ல என்ன நடக்கும்?"

அவர் சிரித்தார். மேல்நிலைத் தொட்டி கட்டியாகிவிட்டது என்றார். "அப்புறம்?" தொட்டிக்கு வருகிற பெரிய குழாய் பதிக்கவேண்டும் என்றார். "அது எங்கே நிற்கிறது?" கொஞ்சம் நிலப் பிரச்சினை என்றார். நான் முரட்டுத்தனமாகக் கேட்கவில்லை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முரட்டுத்தனமாகக் கேட்க வராது. நிபந்தனைப்படி கேள்வி முடியவில்லை, நேரமும் இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து டீச்சர். அவரும் ஆறு மாதம் என்றுதான் தொடங்கினார். தொட்டி, குழாய் என்று அதே வழியில் வந்தவர் நிலத்தருகே நின்றுவிட்டார். எதிரில் இருந்த எங்களைப் பார்த்தார். பிறகு வேறு குரலில், மெதுவாகச் சொன்னார்.

"குழாய் போக வேண்டிய பாதையில ரெண்டு இடம் கோர்ட்டுல இருக்கு. நான் ஜெயிச்சாலும் அதை என்னால நகர்த்த முடியாது. இந்த அஞ்சு வருஷத்துல வரும்னு நான் நம்பல. உங்ககிட்ட ஆறு மாசம்னு சொல்லணும்னு கட்சியில சொன்னாங்க, சொன்னேன்."

 

முன்னாள் கவுன்சிலர்தான் முதலில் பேசினார். "எள்ளுருண்டை கொடுத்து இனிப்பாப் பேசச் சொல்ற பண்டிகை இது. இன்னிக்குப் போய் இதெல்லாம் எதுக்கு?" என்றார். பாதிப் பேர் சிரித்தார்கள். ஆனால் டீச்சர் சொன்னது பொய் என்று அவர் சொல்லவில்லை. நான் அதைத்தான் கவனித்தேன். "அப்படின்னா வராதுங்களா?" என்று மறுபடி கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். "குழாயை விடு பேட்டா. டேங்கரைக் கேளு, சொல்றேன்" என்றார். எந்தக் கிணற்றிலிருந்து நிரப்புகிறார்கள், குளோரின் போட்டார்களா என்று எப்படிப் பார்ப்பது, லாரி உள்ளே வரும்போதே மாதிரி எடுத்து எங்கே சோதனைக்குக் கொடுப்பது, ஒப்பந்தத்தில் என்ன எழுதவைக்கவேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். டீச்சருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். என் மகள் விஷயத்தில் எனக்கு உடனே உதவியது முன்னாள் கவுன்சிலரின் அந்தப் பதில்தான். பத்து நிமிடப் பேச்சில் அவர் இதைச் சொல்லியிருக்கவே மாட்டார். இதற்கு யாரும் கை தட்டமாட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது எனக்கு மனசு லேசாக இருந்தது. மறுநாள் காலை அது போய்விட்டது.

யாரோ டீச்சர் பேசியதைப் படம் பிடித்து வளாகத்து வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தார்கள். அதன் கீழே கோபம் நீண்டுகொண்டே போனது. நான் எதிர்பார்த்த கோபமல்ல. ஏமாற்றினார்களே என்று யாரும் எழுதவில்லை. அந்த வீடியோவை அழியுங்கள், தரகர்கள் பார்த்தால் இங்கே எந்த வீடும் விலைபோகாது என்று எழுதினார்கள். வாடகைக்காரர்கள் இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போவார்கள், அவர்களைக் கேள்வி கேட்கவிட்டது யார் என்று ஒருவர் எழுதியிருந்தார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஆறு மாதத்தை வேட்பாளர்கள் எங்கள்மேல் திணிக்கவில்லை. வீடு வைத்திருந்த எல்லோருக்குமே அது வேண்டியிருந்தது. அதை நம்பி வாங்கினார்கள், அதைச் சொல்லித்தான் விற்கவேண்டும். வேட்பாளர்கள் விரிவாகப் பேசவேண்டும் என்று டிவியில் யாராவது சொன்னால் நான் உடனே தலையாட்டுகிறவள். பேசுகிறவர்களுக்கு மட்டும்தான் பரீட்சை என்று நினைத்திருந்தேன்.

காக்கூ குழுவில் எதுவும் எழுதவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. கணவரும் நானும் பேசி முடிவெடுத்திருந்தோம். அவருக்கு முகம் வாடித்தான் போனது, ஆனால் "வேண்டாம் கண்ணு, விட்டுருவோம்" என்று அவரேதான் சொன்னார். போனில் சொல்லிவிடலாம் என்றார். மனது கேட்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மணியை அடித்தேன்.

"வீடு வேணாம்னு சொல்ல வந்திருக்க" என்றார் காக்கூ, கதவைத் திறந்ததுமே.

"மன்னிச்சிருங்க காக்கூ."

"எதுக்கு? வேணாம்னா வேணாம்." மகளை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "என்னைக் கேட்டிருக்கலாமே. இத்தனை பேரைக் கூட்டிவெச்சுத்தான் கேக்கணுமா? இந்த பில்டிங் கட்டின நாள்லேருந்து இருக்கேன். தண்ணி வராதுன்னு எனக்குத் தெரியாதா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

காக்கூ என் மகளின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். "லிஃப்டுல கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். "வந்து உக்காந்து, டீ குடிச்சு, நீ போகாமலே இருந்திருந்தா, சொல்லியிருப்பேனோ என்னவோ." பிறகு, "ஞாயித்துக்கிழமை வீடு பாக்க ஒரு ஜோடி வருது. வாங்கறவங்க எப்பவும் எதிர்வீட்டுல விசாரிப்பாங்க" என்றார்.  அவர்களிடம் இப்படிச் சொல் என்று என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஓட்டுப் போடும் நாளில் நான் இயந்திரத்தின் முன் அதிக நேரம் நின்றேன். மற்ற மூன்று ஓட்டும் சட்டென்று போட்டாகிவிட்டது. நாலாவதில் விரல் நின்றது. ஒருவர் உண்மையைச் சொன்னார். இன்னொருவருக்கு வேலை தெரிந்திருந்தது. இரண்டு மணி நேரம் கேட்டதால் வந்த குழப்பம் இது. கேட்காமல் இருந்திருந்தால் யோசிக்காமல் அழுத்தியிருப்பேன். டீச்சருக்குப் போட்டேன். அவர் தோற்றார். எங்கள் வளாகத்தால்தான் என்று சொல்ல முடியாது, ஊர் பெரியது. ஆனால் அந்தக் கேள்வியை நான் இன்னொரு தடவை கேட்காமல் விட்டிருந்தால் அவரும் ஆறு மாதத்தோடு நிறுத்தியிருப்பார் என்று சில சமயம் தோன்றும். நான் நல்லது என்று செய்தது அவருக்கு என்னவாக முடிந்தது என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. நேரம் கொடுத்தால் மனிதர்கள் தயாரித்து வந்ததைத் தாண்டிப் பேசுவார்கள் என்பது மட்டும் தெரிகிறது. அப்படிப் பேசியவரைத் தனியாக விட்டுவிடுகிறோம் என்பதும்.

காக்கூ சொன்ன ஞாயிற்றுக்கிழமை மதியம் மணி அடித்தது. வாசலில் என் வயதில் ஒரு பெண், கழுத்தில் அலுவலக அட்டையின் பட்டி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கணவன். அவர்களுக்குப் பின்னால், திறந்திருந்த தன் கதவில் கை வைத்தபடி காக்கூ.

"ஒரு நிமிஷம்தான் அக்கா" என்றாள் அந்தப் பெண் ஹிந்தியில். "இங்க தண்ணி எப்படி?"

காக்கூவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. நல்ல தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டால் அவர் நாசிக் போய்விடலாம். என் மகளைத் தூக்கி வளர்த்தவர். இந்தப் பெண்ணை எனக்குத் தெரியவே தெரியாது. அவள் கணவன் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பையின் ஓரத்தில் ஒரு பால்புட்டி நீட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள வாங்க" என்றேன். "ஒரு நிமிஷத்துல சொல்ல முடியாது."

அவர்கள் தயங்கி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து காக்கூவும் வந்து, கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டேங்கரில் தொடங்கினேன். குழாய் பற்றிக் கேட்டதும், கோர்ட்டில் ஏதோ இருப்பதாகச் சொல்கிறார்கள், கொஞ்சம் தாமதமாகலாம் என்று இழுத்தேன். கோடையில் சில நாள் தண்ணீர் குறைவாக வரும் என்றேன். என் குரல் எனக்கே பத்து நிமிடப் பேச்சு மாதிரி ஒலித்தது.

"என் முகத்துக்காக மெழுகறா" என்றார் காக்கூ திடீரென்று, அந்தப் பெண்ணிடம். "குறைவா இல்ல. மே மாசம் ரெண்டு நாள் லாரி வரவே வராது. மேல்மாடிக்காரங்க கீழ்வீட்டுல வாளி வாங்கிக் குளிப்பாங்க. எழுதிக்கோ." பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வளாகம் கட்டிய முதல் வருடத்திலிருந்து தொடங்கினார். ஆழ்துளைக் கிணறு எந்த வருடம் வற்றியது, வேறு டேங்கர்காரரை மாற்றப் பார்த்தபோது என்ன நடந்தது, எந்த மாதத்தில் தண்ணீர் நிறம் மாறும், குழாய் ஏன் வராது. அந்தப் பெண் கேள்விமேல் கேள்வி கேட்டாள். காக்கூ ஒன்றையும் விடவில்லை. நான் டீ போட எழுந்தவள் அடுப்பைப் பற்றவைக்காமல் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் சொன்னதில் பாதி எனக்கும் புதிது.